கண்ணாடிக்கு அடுத்து எது? தொழில்முறை நடன வகுப்பில் ஊக்கம் வளர்க்கும் மின்னணுக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

தொழில்முறை நடனப் பயிற்சியில் சேர்ந்த மாணவருக்கு ஆர்வம் இல்லை என்று எந்த ஆசிரியரும் எளிதில் சொல்லிவிட முடியாது. தேர்வுக் குழுவின் முன் ஆடிக்காட்டி இடம் பிடித்து, வேறு படிப்புகளை ஒதுக்கிவைத்து, நாள்தோறும் பல மணி நேரம் உடலை வருத்திக்கொள்ளச் சம்மதித்து வந்தவர் அவர். ஆயினும் முதலாண்டின் பிற்பகுதியிலோ இரண்டாம் ஆண்டிலோ அதே மாணவர் மெல்லப் பின்வரிசைக்கு நகர்வதையும், சொன்னதைக் குறையில்லாமல் செய்துவிட்டு அதற்கு மேல் எதையும் முயலாமல் நிற்பதையும் இத்துறையில் சில ஆண்டுகள் கற்பித்த எவரும் பார்த்திருப்பார். இந்தத் தளர்ச்சியைப் போக்க மின்னணுக் கருவிகள் கைகொடுக்குமா, கொடுக்குமெனில் எதற்கு முதலில் பணத்தையும் வகுப்பு நேரத்தையும் ஒதுக்குவது என்ற கேள்வி இன்று பயிற்சி நிறுவனங்கள் பலவற்றின் முன் நிற்கிறது. காணொலிப் பதிவு, புள்ளி தரும் செயலி, உடலசைவை அளக்கும் கருவி, படைப்புக்கான மென்பொருள், இணையவழி வகுப்பு என ஐந்து வழிகள் வழக்கமாக முன்வைக்கப்படுகின்றன. ஐந்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது சரியாகாது. ஒவ்வொன்றும் வெவ்வேறு குறையை நிரப்ப வருகிறது, சில வழிகள் இல்லாத குறையை நிரப்பவும் வருகின்றன.

தளர்ச்சி எங்கே தொடங்குகிறது

பொழுதுபோக்காக ஆட வருபவருக்குச் சலிப்பே பெரிய எதிரி. ஆகவே அவருக்கு வகுப்பைக் கலகலப்பாக்கும் எந்தக் கருவியும் ஓரளவு பயன் தரும். தொழிலுக்காகப் பயில்பவரின் நிலை வேறு. அவர் ஒரே பயிற்சியை ஆயிரம் முறை செய்யத் தயாராகத்தான் வந்திருக்கிறார். ஆயிரத்தோராவது முறை செய்யும்போது முந்தையதைவிட ஏதேனும் மாறியிருக்கிறதா என்பது தெரியாமல் போவதுதான் அவரைச் சோர்வடையச் செய்கிறது. நடனத்தில் முன்னேற்றம் அவ்வளவு மெதுவாக வருவதால், உள்ளிருந்து பார்ப்பவருக்கு அது தேக்கமாகவே தோன்றும். அத்துடன், சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த அறையில் பக்கத்தில் நிற்பவரோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்வதற்கான வாய்ப்பு நாள் முழுவதும் திறந்தே கிடக்கிறது. மூன்றாவதாக, பயிற்சியின் பெரும்பகுதியில் எதை, எப்போது, எத்தனை முறை செய்வது என்பதை ஆசிரியரே முடிவு செய்கிறார். மாணவரின் உடல் உழைக்கிறது, விருப்பம் ஓய்வில் இருக்கிறது.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் உருவாக்கிய தன்னிர்ணயக் கோட்பாடு இதே மூன்றையும் வேறு சொற்களில் கூறுகிறது. தன் செயலைத் தானே தேர்ந்தோம் என்னும் தன்னாட்சி உணர்வு, தன்னால் முடிகிறது என்னும் திறனுணர்வு, பிறரோடு சேர்ந்திருக்கிறோம் என்னும் பிணைப்புணர்வு ஆகிய மூன்றும் நிறைவேறும் இடத்தில் உள்ளிருந்து எழும் ஊக்கம் நிலைக்கும் என்பது அவர்கள் துணிபு. ஒரு கருவியை எடைபோடும்போது இம்மூன்றில் எதை அது வளர்க்கிறது, எதைக் குறைக்கிறது என்று கேட்பதையே இக்கட்டுரையில் முதன்மை அளவுகோலாகக் கொள்கிறேன். அதனோடு, நடைமுறை சார்ந்த இன்னொரு கேள்வியும் எனக்கு முக்கியம்: அந்தக் கருவி யார் கையில் இருக்கும்? ஆசிரியர் கையில் இருக்கும்போது கண்காணிப்பாகத் தோன்றும் அதே கருவி மாணவர் கைக்குப் போனதும் பயிற்சித் துணையாக மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

காணொலிப் பதிவு

ஐந்து வழிகளில் மிகப் பழையதும் எளியதும் இதுவே. கைபேசி, அதைத் தாங்கும் முக்காலி, பதிவுகளைச் சேர்த்துவைக்க ஓரிடம் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. எளியது என்பதாலேயே இதைக் கவனமின்றிப் பயன்படுத்தும் வழக்கமும் அதிகம். ஆசிரியர் வகுப்பு முழுவதையும் பதிவு செய்து, மாணவர்களை ஒன்றாக உட்காரவைத்து, பிழைகளைச் சுட்டிக்காட்டுவது ஒரு முறை. நான் பார்த்தவரையில் ஊக்கத்தை விரைவாகக் கொல்வது இதுதான். பிறர் முன்னிலையில் தன் பிழையைப் பெரிய திரையில் பார்ப்பவர் அடுத்த முறை பிழை வராத அளவுக்குச் சிறிதாக ஆடக் கற்றுக்கொள்கிறார்.

இரண்டாவது முறை, தாமதக் காட்சி. கருவி தொடர்ந்து பதிவு செய்துகொண்டே, பத்து அல்லது இருபது நொடிக்கு முந்தைய காட்சியைத் திரையில் காட்டும். ஒரு சுழற்சியையோ தாவலையோ முடித்துவிட்டு மாணவர் நடந்து வந்து நிற்கும்போது, தான் செய்ததை அவரே பார்க்கலாம். கண்ணாடிக்கு இல்லாத ஒரு நன்மை இதற்கு உண்டு: ஆடும்போது பார்க்க வேண்டியதில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே ஆடுபவரின் தலை எப்போதும் முன்நோக்கியே நிற்கும். உடலின் உள்ளுணர்வை நம்பும் பழக்கமும் அவருக்குத் தாமதமாகவே வரும். தாமதக் காட்சியில் ஆட்டமும் பார்வையும் தனித்தனி நேரங்களில் நிகழ்வதால், முதலில் உணர்ந்ததையும் பிறகு கண்டதையும் மாணவர் தாமே ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

மூன்றாவது, மாணவரே எதைப் பதிவு செய்வது, எப்போது பார்ப்பது என்று முடிவு செய்யும் முறை. இயக்கத்திறன் கற்றல் பற்றிய ஆய்வுகள் இந்த முறையின் பக்கமே நிற்கின்றன. சுசேத் சிவியாகோவ்ஸ்கி, கேப்ரியேல் வுல்ஃப் ஆகியோர் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பின்னூட்டம் எப்போது வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்தவர்கள் பிறரைவிட நன்றாகக் கற்றார்கள். அவர்கள் பெரும்பாலும் நன்றாகச் செய்த முயற்சிக்குப் பிறகே பின்னூட்டம் கேட்டார்கள் என்பதும் அதில் தெரியவந்தது. நடன ஆசிரியர்களாகிய நம் வழக்கம் நேர்மாறானது. பிழை நேர்ந்ததும் நிறுத்துகிறோம், நன்றாக வந்தால் அடுத்ததற்குப் போய்விடுகிறோம். சரியாக அமைந்த ஒரு சுழற்சியைப் பார்க்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைப்பதே அரிது என்பதைக் கேமராவை மாணவரிடம் கொடுத்த பிறகுதான் நானும் உணர்ந்தேன்.

எத்தனை முறை பார்ப்பது என்பதிலும் அளவு தேவை. பின்னூட்டம் அடிக்கடி கிடைத்தால் கற்பவர் அதையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்வார், அது விலகியதும் திறன் சரியும் என்று சால்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகிய மூவர் 1984ஆம் ஆண்டிலேயே பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் திரையை நோக்கி ஓடும் வகுப்பில் உடல் சூடு தணிந்துபோகும் என்பது தனிக் கவலை. வாரத்தில் ஒரு நாள், ஒரு பயிற்சிக்கு மட்டும் என்ற அளவில் தொடங்குவதே நல்லது.

காணொலியின் உண்மையான வலிமை அன்றாடத் திருத்தத்தில் இல்லை, நீண்டகால ஒப்பீட்டில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரே பயிற்சியை, ஒரே இசையில், ஒரே வேகத்தில், கேமராவை அதே இடத்தில் வைத்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை பதிவு செய்து, பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவருக்குத் தன் தேக்கம் தேக்கமில்லை என்பது கண்ணெதிரே விளங்கும். அந்த ஒப்பீட்டில் எதிரே நிற்பவர் வகுப்புத் தோழர் இல்லை, ஆறு வாரத்துக்கு முந்தைய அவரேதான். இதற்குக் கேமராவின் நிலை மாறாதிருப்பது மிக முக்கியம். கேமரா மிக அருகில் இருந்தால் அதன் பக்கம் நீளும் கை பெரிதாகவும் தள்ளியிருக்கும் கால் சிறிதாகவும் தெரியும். தரையில் வைத்தால் தாவல் உயரமாகத் தோன்றும். முகத்துக்கு மேலே வைத்தால், முழங்காலை மடக்கித் தாழும் அரைமண்டியின் ஆழமோ பாலேயில் அதைப் போன்ற பிளியேயின் ஆழமோ சரியாகத் தெரியாது. இடுப்புயரத்தில், முழு உடலும் கைநீட்டமும் அடங்கும் தொலைவில், தரையில் ஒட்டுநாடாவால் குறியிட்டு வைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் வழக்கமான பதிவில் வேகமான பாதவேலை மங்கிவிடும் என்பதால், அதற்கு மட்டும் 120 அல்லது 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டப் பதிவைப் பயன்படுத்தலாம்.

இதன் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தன் பதிவை முதன்முறை பார்க்கும் மாணவர் அசைவைப் பார்ப்பதில்லை, உடம்பைப் பார்க்கிறார். அதற்கு ஒரு காரணம் மிக எளிது: கண்ணாடியில் நாம் காண்பது இடவலம் மாறிய உருவம், பதிவில் காண்பது மாறாத உருவம். 1977ஆம் ஆண்டு மீட்டா, டெர்மர், நைட் ஆகியோர் நடத்திய ஆய்வில், தம் புகைப்படத்தின் கண்ணாடி வடிவத்தையே அதற்கு உரியவர்கள் விரும்பினார்கள்; அவர்களின் நண்பர்களோ மாறாத வடிவத்தை விரும்பினார்கள். கண்ணாடியோடு வளர்ந்த நடன மாணவருக்கு இந்த அந்நியத்தன்மை இன்னும் கூடுதலாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இது வெறும் முதல்நாள் கூச்சத்தோடு முடிவதில்லை. நடனக் கலைஞர்களிடையே உணவுண்ணல் கோளாறுகள் 12 விழுக்காட்டினரிடமும், பாலே கலைஞர்களிடையே 16.4 விழுக்காட்டினரிடமும் காணப்படுவதாக 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. இத்தகைய சூழலில் ஒருவரின் உருவத்தை அவர் முன்னாலேயே மீண்டும் மீண்டும் ஓட்டிக்காட்டுவது சிறிய செயலில்லை. பதிவைப் பார்ப்பதற்கு முன்பே ஒற்றைக் கேள்வியைக் கையில் கொடுத்துவிடுவதே நான் கண்ட நல்ல மாற்று: எடை எந்தக் காலுக்கு எப்போது மாறுகிறது, தாளத்தின் எந்த அடியில் பாதம் தரையைத் தொடுகிறது, மூச்சு எங்கே நிற்கிறது. முழங்காலுக்குக் கீழே மட்டும் பதிவு செய்யச் சொல்வதும் உதவுகிறது. ஒரு மாணவர் தொடர்ந்து தன் பதிவைப் பார்க்க மறுத்தால் அவரை வற்புறுத்தாமல், காரணத்தைத் தனியே கேட்டறிவது ஆசிரியரின் கடமை.

புள்ளிகளும் பதக்கங்களும்

பயிற்சி செய்தால் புள்ளி, தொடர்ந்து ஏழு நாள் செய்தால் பதக்கம், மாத இறுதியில் தரவரிசை என்று அமைந்த செயலிகளை ஊக்கத்துக்கான கருவிகள் என்றே விற்கிறார்கள். இந்தப் பட்டியலில் நான் மிகவும் தயங்குவது இவற்றிடம்தான்.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட மழலையர் பள்ளி ஆய்வு இத்தயக்கத்துக்கு நல்ல அடிப்படை. படம் வரைவதில் ஏற்கெனவே நாட்டமுள்ள குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே கூறினார்கள். சில நாட்களுக்குப் பின், பரிசு எதுவும் இல்லாத நேரத்தில், அந்தப் பிரிவினர் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற பிரிவினரிடம் இந்தச் சரிவு இல்லை. ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்குக் கூலி பேசினால் விருப்பம் கூலியின் நிழலில் மறைந்துவிடுகிறது. தொழில்முறை நடன வகுப்பு என்பது விரும்பி வந்தவர்களால் மட்டுமே நிறைந்த அறை என்பதை நினைவில் கொண்டால், புள்ளிமுறை இங்கே எவ்வளவு பொருந்தாதது என்பது புரியும்.

எதற்குப் புள்ளி தரப்படுகிறது என்பது அடுத்த சிக்கல். 1998ஆம் ஆண்டு வந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற மின்னணு விளையாட்டு, குறித்த நேரத்தில் பாதம் குறித்த கட்டத்தை மிதித்ததா என்பதை மட்டுமே அறியும். 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஜஸ்ட் டான்ஸ் அதன் தொடக்க வடிவத்தில் கையில் பிடித்திருந்த கட்டுப்பாட்டுக் கருவியின் அசைவைக் கொண்டே மதிப்பெண் போட்டது. மற்ற உறுப்புகள் என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது. இவை விளையாட்டுகள், அந்த அளவில் குறையேதும் இல்லை. ஆனால் இயந்திரத்தால் எண்ண முடிந்ததே முக்கியமானது என்ற பாடத்தை வருங்காலக் கலைஞருக்கு நாள்தோறும் கற்பிப்பது வேறு செய்தி. தரவரிசைப் பட்டியல் இதை இன்னும் மோசமாக்குகிறது. தன் திறனை வளர்ப்பதை மையமாகக் கொண்ட வகுப்புச் சூழலும், பிறரை முந்துவதை மையமாகக் கொண்ட சூழலும் மாணவரின் முயற்சியை எவ்வாறு எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன என்பதைக் கல்வி உளவியலாளர் கரோல் ஏம்ஸ் 1992இல் விரிவாக எழுதியிருக்கிறார். நடன வகுப்பில் இரண்டாவது சூழலுக்குக் கூடுதல் உதவி தேவையே இல்லை, கண்ணாடி அதைப் பார்த்துக்கொள்கிறது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். நடனத்தின் மீது காதல் உள்ளவருக்கும் கணுக்கால் வலுவூட்டும் பயிற்சியின் மீதோ, கலைச்சொற்களை மனப்பாடம் செய்வதன் மீதோ காதல் இருப்பதில்லை. வீட்டில் தனியே செய்ய வேண்டிய அத்தகைய வறண்ட வேலைகளுக்கு, தரவரிசை இல்லாத எளிய நினைவூட்டல் செயலி போதுமான துணையாகும். விருப்பமே இல்லாத இடத்தில் இழப்பதற்கும் ஒன்றும் இல்லை.

அளவிடும் கருவிகள்

இதயத்துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை, உடலில் கட்டும் உணரிகள், கேமராவின் வழியே மூட்டுகளைக் கண்டறியும் மென்பொருள், பல அகச்சிவப்புக் கேமராக்களால் அசைவைப் பதியும் கூடம் என்று இவற்றின் வீச்சு பெரியது, விலை வீச்சு அதைவிடப் பெரியது. ஆசிரியர்கள் சிலர் இவற்றைக் கண்டாலே ஒதுங்குவதும், வேறு சிலர் அறிவியல் வந்துவிட்டது என்று பூரிப்பதும் எனக்கு ஒரே அளவு வியப்பளிக்கின்றன.

இதயத்துடிப்பிலிருந்து தொடங்கலாம். மேத்யூ வயன் குழுவினர் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, நவீன நடனத்தில் வகுப்பும் ஒத்திகையும் கேட்கும் உடலுழைப்பு மேடை நிகழ்ச்சி கேட்பதைவிடக் குறைவு என்று காட்டியது. இதை ஆசிரியர் வாயால் சொன்னால் அறிவுரை. மாணவர் தம் மார்புப் பட்டையின் பதிவில் வகுப்பு நாளையும் மேடை நாளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அது அவருடைய கண்டுபிடிப்பு. ஏன் தனியே மூச்சுத்திறன் பயிற்சி செய்ய வேண்டும் என்ற பழைய வாதம் அத்துடன் முடிந்துவிடுகிறது. இதற்கு இரண்டு வாரப் பதிவு போதும், ஆண்டு முழுவதும் பட்டை கட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

செலவே இல்லாத அளவீடும் உண்டு. நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைபேசிப் பதிவில், பாதம் தரையை விட்ட படத்திலிருந்து மீண்டும் தொட்ட படம் வரை எண்ணினால், மாணவர் எவ்வளவு நேரம் காற்றில் இருந்தார் என்பது கிடைக்கும். அந்த நேரத்தின் வர்க்கத்தை 9.81ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் தாவலின் உயரம் மீட்டரில் வரும். 120 படங்கள் என்றால் அரை நொடி, உயரம் ஏறக்குறைய 31 சென்டிமீட்டர்; 130 படங்கள் என்றால் 36 சென்டிமீட்டர். முழங்காலை மடக்கிய நிலையில் தரையைத் தொட்டால் கணக்கு கூடுதலாகக் காட்டும் என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். தாவலில் முன்னேறவில்லை என்று சலித்துக்கொண்டிருந்த ஒருவர் தன் கையால் படங்களை எண்ணி ஐந்து சென்டிமீட்டரைக் கண்டுபிடிப்பது எந்தப் பதக்கத்துக்கும் குறைந்ததில்லை.

கேமராவில் மூட்டுகளைக் கண்டறியும் மென்பொருள்கள் 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழுவின் ஓப்பன்போஸ் வந்த பிறகு வேகமாகப் பரவின. கூகுளின் மீடியாபைப் உடலில் 33 புள்ளிகளைக் குறிக்கிறது. 33 என்பது நிறைய என்று தோன்றும். ஆனால் அவற்றில் 11 முகத்துக்கே போய்விடுகின்றன, முதுகெலும்புக்கு ஒன்றுகூட இல்லை. இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் உடற்பகுதி சுருங்கி விரிவதுதான் நவீன நடனத்தின் உயிர் என்றால், அந்த உயிர் இந்தப் புள்ளிகளுக்கு வெளியே இருக்கிறது. முத்திரைகளால் பேசும் நடனத்துக்கும் இதே கதிதான். விரல்களுக்குத் தனி மென்பொருளை இணைக்காவிட்டால் முழுக் கைக்கும் மணிக்கட்டைச் சேர்த்து நான்கு புள்ளிகளே மிஞ்சும். நீண்ட பாவாடையும் விசிறி மடிப்பும் முழங்காலை மறைக்கும்போது மென்பொருள் ஊகத்தில் இறங்கிவிடும். ஆகவே இது தரும் கோணக் கணக்கை மதிப்பெண்ணாக மாற்றும் எந்த ஏற்பாட்டையும் நான் எதிர்ப்பேன்.

இந்த வகைக் கருவிகளின் ஆயுளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2010இல் வெளியிட்ட, உடலசைவைக் கேமரா வழியே அறியும் கினெக்ட் உணரியை நம்பி உலகெங்கும் பல நடனத் திட்டங்கள் உருவாயின; 2017இல் அதன் உற்பத்தி நின்றபோது அந்தத் திட்டங்களின் எதிர்காலமும் கேள்விக்குறியானது. ஒரே நிறுவனத்தின் ஒரே சாதனத்தின் மேல் ஒரு பாடத்திட்டத்தைக் கட்டுவதற்கு முன் இது நினைவுக்கு வர வேண்டும்.

படைக்கும் கருவிகள்

தன்னாட்சி உணர்வை நேரடியாகத் தொடுவது இந்த வழி மட்டுமே. அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் தம் எழுபது வயதை ஒட்டிய காலத்தில், திரையில் மனித உருவத்தை அசைத்துப் பார்க்க உதவும் லைஃப்ஃபார்ம்ஸ் என்ற கணினி மென்பொருளைக் கையிலெடுத்தார். அதன் துணையோடு உருவான டிராக்கர்ஸ் என்ற படைப்பு 1991இல் மேடையேறியது. திரையில் இருந்த உருவத்துக்கு மனித உடலின் வழக்கங்கள் தெரியாது என்பதால், கையும் காலும் உடற்பகுதியும் ஒன்றையொன்று சாராமல் அசையும் புதிய சேர்க்கைகள் அவருக்குக் கிடைத்தன. இன்னொரு நடன அமைப்பாளரான வில்லியம் ஃபோர்சைத் தம் நடன உருவாக்க முறையை விளக்க 1999இல் வெளியிட்ட குறுந்தகட்டில், அவர் உடலிலிருந்து காற்றில் எழும் கோடுகளும் வளைவுகளும் திரையில் வரைந்து காட்டப்பட்டன. அதுவரை ஆசிரியரின் கையசைவிலும் உவமைகளிலும் தங்கியிருந்த ஒன்று மாணவர் தம் விருப்பப்படி நிறுத்தியும் திருப்பியும் பார்க்கக்கூடிய பொருளாயிற்று.

இவ்விரு முன்னோடிகளிடமும் பொதுவாக இருப்பது, தொழில்நுட்பத்தை அவர்கள் மதிப்பிடுவதற்காக எடுக்கவில்லை, யோசிப்பதற்காக எடுத்தார்கள் என்பதே. வகுப்புக்கு அதை இறக்கிக்கொண்டுவர விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். மூன்று நிமிட நடனப் படம் ஒன்றை மூவர் சேர்ந்து எடுக்கச் சொல்லலாம். அன்று வகுப்பில் கற்ற தொடரைக் காணொலியில் பதிந்து, துண்டுகளாக வெட்டி, வரிசை மாற்றி, அந்தப் புதிய வரிசையை மீண்டும் உடலால் ஆடிக்காட்டச் சொல்லலாம். பின்னோக்கி ஓடும் காட்சியைப் பார்த்து அதை ஆடப் பழகும் மாணவருக்கு, எடை மாற்றம் என்ற ஒன்றின் பொருள் எந்த விளக்கத்தையும்விட ஆழமாகப் பிடிபடுகிறது.

காயம்பட்ட மாணவருக்கு இது தரும் இடத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கணுக்கால் சுளுக்கோடு சுவரோரம் ஆறு வாரம் உட்கார்ந்திருப்பவரின் ஊக்கம் சரிவதைத் தடுக்க நம்மிடம் பொதுவாக ஆறுதல் வார்த்தைகளைத் தவிர எதுவும் இருப்பதில்லை. படத்தொகுப்பாளராகவோ, கேமராவின் பின்னால் நின்று இடைவெளிகளைத் தீர்மானிப்பவராகவோ அவரை அமர்த்தினால், குழுவோடு அவருக்கிருந்த பிணைப்பு அறுபடாமல் இருக்கும். தோழர்களின் அசைவை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்துப் பார்த்து வெட்டியவர் திரும்பி வரும்போது, கூர்மையான கண்ணோடு வருகிறார்.

குறைகளும் உண்டு. இதற்கு நேரம் கொள்ளும். நுட்ப வகுப்பிலிருந்து அந்த நேரத்தைத் திருடினால் மற்ற ஆசிரியர்களின் எதிர்ப்பு நியாயமானதே. கணினியில் கைதேர்ந்தவர் பளபளப்பான படத்தைக் கொடுத்துவிடுவார் என்பதால், தொகுப்பின் மெருகுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

இணையம் வழியே

2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நடன வகுப்புகள் ஒரே வாரத்தில் திரைக்கு மாறியபோது, ஒலியின் தாமதம் என்ன செய்யும் என்பதை அனைவரும் கற்றுக்கொண்டார்கள். நிமிடத்துக்கு 120 அடி கொண்ட இசையில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை நொடிதான். இணைப்பில் ஐந்திலொரு பங்கு நொடி தாமதம் ஏற்பட்டாலே மாணவர் தாளம் தப்பியவராகத் தெரிவார், உண்மையில் அவர் சரியாக ஆடிக்கொண்டிருந்தாலும். ஆகவே நேரலை நுட்ப வகுப்பை நேரடி வகுப்புக்கு மாற்றாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொலைவிலுள்ள கலைஞர் ஒருவர், மாணவர் அனுப்பிய பதிவைப் பார்த்து ஓய்வாகக் கருத்துச் சொல்வது இதே இணையத்தின் நல்ல பயன்பாடு.

சமூக ஊடகத்தில் ஆட்டத்தை வெளியிடுவதை ஊக்கமாகக் கருதுவோரும் உண்டு. விருப்பக்குறிகளின் எண்ணிக்கை வேறு பெயரில் வந்த புள்ளிப்பட்டியல்தான், அதைத் தருபவருக்கு நடனம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. தொழில் வாய்ப்புக்காகத் தம் பதிவுகளைத் தொகுத்து வைக்கக் கற்பிப்பது அவசியம். அதை இறுதியாண்டில், மாணவரே தேர்ந்தெடுத்த பதிவுகளைக் கொண்டு செய்வது போதும். மெய்நிகர் தலைக்கவசத்தைப் பற்றி ஒரு வரி: தலையைச் சுண்டித் திருப்பிச் சுழல வேண்டியவரின் தலையில் கனமான பெட்டியைக் கட்டுவதற்கு இன்னும் நல்ல காரணம் எதையும் நான் கேள்விப்படவில்லை.

எதை முதலில் தேர்வது

ஒரே ஒரு வழிக்குத்தான் இடமுண்டு என்றால், மாணவர் கையில் இருக்கும் காணொலிப் பதிவையும், அதில் கண்டதை அவர் எழுதிவைக்கும் குறிப்பேட்டையும் தேர்வேன். திறனுணர்வை அது வலுவாக வளர்க்கிறது, தன்னாட்சிக்கு ஓரளவு இடம் தருகிறது, ஆசிரியரின் வேலையைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. இரண்டுக்கு இடமுண்டு என்றால் ஆண்டின் பிற்பகுதியில் படைப்புத் திட்டம் ஒன்றைச் சேர்ப்பேன். அளவிடும் கருவிகளை, விடை தேட வேண்டிய கேள்வி ஒன்று எழும்போது இரவல் வாங்கி, இரண்டு வாரம் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். படைப்புருவாக்கத்துக்கு முதன்மை தரும் நிறுவனம் இந்த வரிசையின் முதல் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதினரைப் பயிற்றுவிக்கும் நிறுவனமோ, அந்த வயதில் உடல் மாறிக்கொண்டிருப்பதைக் கருதி முழு உருவப் பதிவை மிகக் குறைத்து, படைப்பிலிருந்தே தொடங்குவது நலம்.

எந்த வழியானாலும், பதிவு தொடங்கும் முன் எழுத்தில் இருக்க வேண்டியவை சில: மாணவரின் ஒப்புதல், வயது வராதவர் எனில் பெற்றோரின் ஒப்புதல், பதிவுகள் எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், எந்த நாளில் அழிக்கப்படும். மாணவர் கேட்டால் காரணம் சொல்லாமலே தம் பதிவை அழித்துக்கொள்ளும் உரிமையும் இதில் அடங்கும். அந்த உரிமை இல்லாத கேமரா, யார் கையில் இருந்தாலும் கண்காணிப்புக் கேமராதான்.

பயன் தந்ததா என்பதை, பருவ இறுதியில் வகுப்பு பிடித்திருந்ததா என்று படிவம் கொடுத்துக் கேட்டு அறிய முடியாது. புதிய கருவி எதுவும் முதல் சில வாரங்களில் எல்லோருக்கும் பிடித்தே இருக்கும். புதுமை வடிந்த பத்தாவது வாரத்தைக் கவனிக்க வேண்டும். வகுப்பு முடிந்தபின் யாரும் சொல்லாமலே முக்காலியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவது யார், முந்தைய பதிவைக் காட்டி ஆசிரியரிடம் கேள்வியோடு வருவது யார், முன்வரிசைக்கு மீண்டும் நகர்ந்திருப்பது யார் என்று பெயர் குறித்துவைக்கலாம். அந்தப் பெயர்களில் ஏற்கெனவே வகுப்பின் முதல் மூவராக இருந்தவர்கள் மட்டுமே இருந்தால், கருவி தேவைப்பட்டவரைச் சென்றடையவில்லை என்று பொருள். அப்போது புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன், வாரத்தில் கேமரா மூலைக்குப் போகும் நாளையும் அதை முதலில் எடுக்கும் ஆளையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.